கத்தி அடிப்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும்

"கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகலாமா?" என்று எமது முன்னோர் கேட்டார்கள். ஊசி முதல் உழவுக் கொழு வரை எல்லாவற்றையும் அடித்துக் கொடுக்கும் கொல்லர்கள் ஒரு தெருவாகவே குடியிருந்த ஊர்களில் பிறந்த பழமொழி அது. திம்புள்ளப் பள்ளத்தாக்கில் நின்று அதைச் சொன்னால் பொருள் பொருந்தாமல் போகிறது. கொட்டகலையிலிருந்து தலவாக்கலை வரை, லிந்துலையிலிருந்து அக்கரப்பத்தனை வரை தோட்டம் தோட்டமாக நடந்தாலும் கொல்லன் தெரு என்று ஒன்றைக் காண்பது அரிது. ஊசியும் கத்தியும் மண்வெட்டியும் டவுன் கடையிலிருந்துதான் மலைக்கு ஏறி வருகின்றன.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது சிறிய விடயம் அல்ல. 1977லும் 1983லும் அடிபட்டு மலையைவிட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், காடு வெட்டிக் கமம் செய்து, யுத்தத்தில் மறுபடியும் பெயர்ந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் இடம் விட்டவர்கள் இருக்கிறார்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு விழுங்கியது போக எஞ்சியவர்களும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் வீட்டை இழந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் புதிய இடத்தில் அடுப்பு மூட்டும் முன்பே தேடிய பொருள் ஒன்று உண்டு. அது கத்தி. பற்றை வெட்ட, கம்பு சீவ, கயிறு அறுக்க, மரக்கறி நறுக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். மலிவாகக் கிடைக்கும் மெல்லிய தகட்டுக் கத்தியோ சில வாரங்களிலேயே மழுங்கி, பிடி ஆடி, மூலையில் போய்ச் சேர்கிறது.

நல்ல கத்தி எப்படி உருவாகிறது, அதைச் செய்யும் சிறு பட்டறை எப்படிப் பிழைக்கிறது, எமது குடும்பங்கள் அத்தகைய ஒரு பட்டறையைத் தமக்கென்று உண்டாக்கிக்கொள்ள முடியுமா என்பதை இந்த இதழில் ஆராய்வோம்.

கவ்வாத்து மலை கற்றுத் தந்தது

கத்தியைப் பற்றி எமது மக்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. திம்புள்ளத் தேயிலையின் வாழ்வே கத்தியில்தான் தங்கியிருக்கிறது. வெட்டாமல் விட்டால் தேயிலை செடியாக நிற்காது. பல அடி உயர்ந்து மரமாகிவிடும். கொழுந்து பறிக்கும் கைக்கு எட்டும் மட்டத்தில் அதை நிறுத்திவைப்பது கவ்வாத்து. கீழ்நாட்டில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், குளிர் கூடிய எமது மலைகளில் நான்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறையும் மலையைக் கவ்வாத்துக்கு விடுகிறார்கள்.

கவ்வாத்துக்காரர் வாதின் குறுக்கே கத்தியை வீசும்போது வெட்டு ஒரே வீச்சில், வழவழப்பாக, சாய்வாக விழ வேண்டும். மழுங்கிய கத்தி வாதை வெட்டாது, நசுக்கும், பிளக்கும். பிளந்த இடத்தில் மழைநீர் தங்கும். அதன் வழியே நோய்க்கிருமி இறங்கி மரத்தை உள்ளே உளுத்துப்போகச் செய்யும். அந்தச் செடி அடுத்த கவ்வாத்துக்கு இருக்குமோ இராதோ தெரியாது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் படித்துச் சொல்லும் இந்த உண்மையை, எமது கவ்வாத்துக்காரர்கள் கையால் அறிந்திருந்தார்கள். பிரட்டுக்குப் போகும் முன்பே கத்தியைக் கல்லில் தீட்டி, பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டே புறப்படுவார்கள். கவ்வாத்துத் தொடங்கும் நாளில் கத்திகளை வரிசையாக வைத்துச் சாமி கும்பிடும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்து வந்திருக்கிறது.

அப்படியானால் எம்மிடம் இல்லாதது எது? கத்தியைப் பயன்படுத்தும் அறிவு இருக்கிறது. தீட்டும் அறிவும் இருக்கிறது. அதை உலையில் இட்டு உருவாக்கும் அறிவு எம் கையில் இல்லை. இது எப்படி நேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

மலைக்காற்றில் உருகிய இரும்பு

இலங்கையின் மலைச்சரிவுகள் எப்போதும் இரும்பை வெளியிலிருந்து வாங்கியவை அல்ல. பலாங்கொடைக்குத் தெற்கே, மத்திய மலைநாட்டின் சரிவில், சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்படும் முன் தொல்பொருள் ஆய்வு நடந்தது. ஜில் ஜுலெஃப் என்ற ஆங்கிலேயப் பெண் ஆய்வாளர் அங்கே மேற்குத் திசையைப் பார்த்தபடி அமைந்த 70க்கும் மேற்பட்ட பழைய இரும்பு உலைக்களங்களைக் கண்டறிந்தார். துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்த உலைகள் அவை. 1994இல் அதே முறையில் ஓர் உலையைக் கட்டி அவர் எரித்துப் பார்த்தார். காற்று மட்டுமே ஊதிய அந்த உலையில் காபன் கூடிய நல்ல உருக்கு கிடைத்தது. 1996இல் அந்த ஆய்வு உலகப் புகழ்பெற்ற விஞ்ஞான இதழான 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு உருக்கு உற்பத்தி பெருந்தொழிலாக நடந்திருக்கிறது என்பது அதனால் தெளிவானது. ஆனி, ஆடி மாதங்களில் எமது லயங்களின் கூரைத்தகட்டைப் பிடுங்கிப் போகும் அதே காற்றுதான் அந்த உலைகளையும் ஊதியது.

அந்தத் தொழிலின் கடைசி மூச்சைக் கண்டு எழுதியவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த அவர், ஊர் ஊராகச் சுற்றும்போது பாறைகளை மட்டும் பார்க்கவில்லை; கைவினைஞர்களையும் பார்த்தார். பலாங்கொடைப் பக்கத்தில் பழைய முறைப்படி உருக்குச் செய்யத் தெரிந்தவர்களின் வேலையைக் குறித்துவைத்தார். 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற தமது பெருநூலில், வெள்ளியும் பித்தளையும் பதித்த கண்டிக் கத்திகளைப் பற்றியும், அவற்றைச் செய்த அரச பட்டறைகளைப் பற்றியும் விரிவாக எழுதினார். அவர் எழுதியபோது அந்தத் தொழில் ஏறக்குறைய அணைந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த மலிவு இரும்போடு மலைச்சரிவு உலைகளால் போட்டியிட முடியவில்லை.

கோப்பித் தோட்டமும் பின் தேயிலைத் தோட்டமும் திறந்தபோது கருவிகளும் அந்த வழியாகவே வந்தன. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் நகரிலிருந்த சில்லிங்டன் கம்பனியின் முதலை முத்திரை மண்வெட்டியை எமது பாட்டன்மார் நன்கு அறிவார்கள். தரமான கருவிதான். ஆனால் அதைச் செய்தவனுக்கும் அதைப் பிடித்தவனுக்கும் இடையே ஏழு கடல் இருந்தது. பிடித்தவனின் கைக்கு ஏற்ப அலகு வளையாது. உடைந்தால் திருத்த ஆள் இல்லை. புதிது வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை.

பழைய ஏற்பாட்டில் சாமுவேலின் முதல் நூலில் இதே நிலைமை ஓரிடத்தில் வருகிறது. இஸ்ரயேல் நாட்டில் கொல்லனே இருக்கக்கூடாது என்று பெலிஸ்தியர் பார்த்துக்கொண்டார்கள். வாளும் ஈட்டியும் செய்துவிடுவார்களே என்ற பயம் அவர்களுக்கு. அதன் விளைவு உழவனின் தலையில் விழுந்தது. கொழுவையும் கோடரியையும் தீட்டுவதற்குக்கூட அவன் எதிரியின் நாட்டுக்கு இறங்கிப் போய்க் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. கொல்லனை இழந்த சமூகம் தன் அன்றாட வேலைக்கே பிறர் தயவை நாட வேண்டியதாயிற்று.

திருப்பாச்சேத்தியில் அலகு பிறக்கும் விதம்

கொல்லன் தெரு இன்னும் உயிரோடு இருக்கும் ஓர் ஊரைப் பார்ப்போம். எமது முன்னோர் பலர் புறப்பட்டு வந்த இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில்தான் அது இருக்கிறது. மதுரையிலிருந்து மானாமதுரைக்குப் போகும் வழியில் உள்ள திருப்பாச்சேத்தி. அங்கே அடிக்கும் அரிவாளைத் 'திருப்பாச்சி அரிவாள்' என்று தமிழகம் முழுவதும் சொல்கிறார்கள். கதிர் அறுக்க ஒன்று, விறகு வெட்ட ஒன்று, தேங்காய் வெட்ட ஒன்று, பாளை சீவ ஒன்று, இறைச்சிக்கடைக்கு ஒன்று என்று வேலைக்கு ஏற்ப அலகின் நீளமும் வளைவும் எடையும் மாறும். கருப்பசாமிக்கும் அய்யனாருக்கும் நேர்த்திக்கடனாக ஆள் உயர அரிவாள்களும் அடிப்பார்கள்.

அவர்களுடைய மூலப்பொருளைக் கேட்டால் வியப்பாக இருக்கும். லொறிகளின் அடியில் பாரம் தாங்கும் வில் தகடுதான் அது. அங்கே கமான் பட்டை என்பார்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கலாம். கட்டடக் கம்பியில் கத்தி அடித்தால் கூர் நிற்காது. காரணம் இதுதான்: இரும்பில் சிறிதளவு காபன் கலந்திருந்தால்தான் அது உருக்கு. அந்தக் காபன் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் இருந்தால்தான் சுட்டுத் தோய்க்கும்போது நன்கு கடினமாகும். வில் தகட்டில் நூற்றுக்கு 0.6 பங்கு அளவில் காபன் இருக்கிறது. கட்டடக் கம்பியில் பொதுவாக அதில் பாதிகூட இல்லை.

வேலை நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தகட்டை அளவாக வெட்டி உலையில் இட்டு, செம்மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சுகிறார்கள். முன்பு துருத்தி ஊதியது. இப்போது பல பட்டறைகளில் மின்விசிறி ஊதுகிறது. ஒருவர் குறட்டால் பிடித்துப் பட்டடையின் மேல் வைக்க, மற்றவர்கள் சம்மட்டியால் மாறி மாறி அடிக்கிறார்கள். முதுகு தடிப்பாகவும் வாய் மெல்லியதாகவும் அடித்து இழுத்து, வளைவைக் கொடுத்து, காம்பைக் கூராக்குகிறார்கள். பிறகு அரத்தால் ராவி ஒழுங்குபடுத்துகிறார்கள்.

கத்தியின் தலைவிதி தீர்மானிக்கப்படுவது அதற்குப் பின்புதான். அலகை மறுபடியும் சீராகக் காய்ச்ச வேண்டும். சுமார் 770 பாகை செல்சியஸில் உருக்கு காந்தத்தில் ஒட்டாத நிலைக்கு வரும். அதற்கும் சற்று மேலே போனதும் எடுத்துத் தோய்க்க வேண்டும். பல கொல்லர்கள் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் காட்டுகிறார்கள். வில் தகட்டுக்கு எண்ணெய் பாதுகாப்பானது, வெடிப்பு விழாது. தோய்த்த அலகு கண்ணாடிபோல் கடினமாக இருக்கும். கல்லில் பட்டால் சிதறும். ஆகவே மெதுவாக மறுபடியும் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். தேய்த்து வெண்மையாக்கிய உருக்கின் மேல் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், பிறகு மண்நிறம், அடுத்து ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறம் 220 பாகை அளவில், நீலம் 300 பாகை அளவில். அடுப்படிக் கத்திக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்தலாம். விறகும் வாதும் வெட்டும் கத்தி அடியைத் தாங்க வேண்டும். அது மண்நிறத்தையோ ஊதாவையோ தொட வேண்டும். இவ்வளவும் சில நிமிடங்களில் நடந்து முடிகிறது. வெப்பமானி இல்லாமல் நிறத்தை வைத்தே அந்தக் கொல்லர் முடிவெடுக்கிறார். அந்தக் கண்பழக்கம் பல வருட வேலையில் வருவது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பட்டறை வைப்பவருக்கு மட்டுமல்ல, ஒரு கத்தி வாங்கும் குடும்பத்துக்கும் இந்த அறிவு பயன்படும். பிடியில் தொங்கவிட்டு அலகை ஆணியால் தட்டிப் பாருங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. உடைந்த சட்டிபோல் ஒலித்தால் உள்ளே வெடிப்பு இருக்கலாம். நல்ல அரத்தை வாயில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வெண்ணெயில்போல் இறங்கினால் அலகு தோய்க்கப்படவே இல்லை. காய்ந்த கம்பில் இருபது வெட்டு வெட்டி வாயைப் பாருங்கள். மடிந்திருந்தால் மெதுப்பு அதிகம்; பல்பல்லாக உடைந்திருந்தால் பதம் போதாது. காம்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பூண் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அலகு பிடியிலிருந்து கழன்று பறந்தால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் ஆபத்து.

கருவியா, ஆயுதமா?

கத்தியைப் பற்றிப் பேசும்போது ஒரு கேள்வியை விலக்கிவிட முடியாது. அலகு பற்றையையும் வெட்டும், மனிதனையும் வெட்டும். யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் கைப்பையில் ஒரு சிறு கத்தி இருந்ததற்காக விளக்கம் சொல்லிக் களைத்தவர்கள் எம்மில் பலர். 2019 ஏப்ரல் 21ஆந் திகதி குண்டுத் தாக்குதல்களின் பின்னர், மே மாத முதல் வாரத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி நாட்டு மக்கள் கேட்கப்பட்டார்கள். அன்றாட வேலைக்குப் பயன்படும் கத்திகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. கருவிக்கும் ஆயுதத்துக்கும் இடையே கோடு எங்கே என்று ஒவ்வொரு வீட்டாரும் அன்று யோசிக்க வேண்டியிருந்தது.

திருப்பாச்சேத்திக்காரர்களுக்கும் இந்தச் சோதனை வந்தது. அவர்களுடைய அரிவாளின் பெயர் வயலைவிடச் சினிமாவிலும் வெட்டுக்குத்துச் செய்திகளிலும் அதிகமாக அடிபட்டது. 2021இல் தமிழகப் பொலிசார் ரவுடிகளுக்கு எதிரான தேடுதலின்போது அரிவாள், கத்தி செய்பவர்களை மாவட்டந்தோறும் அழைத்துப் பேசினார்கள். வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எழுதிவைக்க வேண்டும், பட்டறையில் கண்காணிப்புக் கமெரா பொருத்த வேண்டும், விவசாயத்துக்கும் வீட்டுக்கும் மட்டுமே விற்க வேண்டும் என்றார்கள். நேர்மையாக உழைக்கும் கொல்லனுக்கு இது பாரமாகத் தோன்றலாம். ஆயினும் இதில் ஒரு நன்மையும் உண்டு. யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதிவைக்கும் பட்டறை, நாளை ஓர் அசம்பாவிதம் நடந்தால் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடியும்.

இப்போது வெளிநாடுகளில் படைவீரர் பாணிக் கத்திகளுக்கும், ஆபத்து நேரத்தில் கயிறு அறுக்கவும் கண்ணாடி உடைக்கவும் ஆன கருவிகளுக்கும் பெரிய சந்தை இருக்கிறது. கையால் அடித்த கத்திக்கு அங்கே மதிப்பும் அதிகம். எமது இளைஞர் எவருக்காவது அந்தப் பக்கம் ஆசை போனால் வியப்பில்லை. ஆனால் எமது சூழ்நிலையில் சண்டைக்கு என்று அலகு அடிக்கத் தொடங்கும் பட்டறை முதலில் ஊரின் நம்பிக்கையை இழக்கும். பிறகு பட்டறையையே இழக்கும். மீட்புக் கருவி வேறு. மண்சரிவு நேரத்தில் விழுந்த மரத்தை அறுக்கவும், கூரையைப் பிரிக்கவும், கட்டை வெட்டவும் நல்ல கத்தியும் கோடரியும் அலவாங்கும் ஒவ்வொரு லயத்துக்கும் தேவை. அது எமக்குப் பொருத்தமான சந்தை.

இரண்டு தூரத்து அனுபவங்கள்

இன்னொரு மலைநாட்டில் சிறு பட்டறை ஒன்று எப்படி நிலைத்தது என்பதையும் அறிவது நல்லது. சுவிற்சர்லாந்து இன்று செல்வந்த நாடு. 19ஆம் நூற்றாண்டில் அதன் மலைக் கிராமங்கள் வறியவை. வேலையின்றிப் பலர் கடல்கடந்து போனார்கள். 1884இல் கார்ல் எல்செனர் என்ற கத்தித் தொழிலாளி ஷ்விட்ஸ் மாநிலத்தின் இபாக் கிராமத்தில் ஒரு பட்டறை திறந்தார். சுவிஸ் இராணுவத்துக்கான மடக்குக் கத்தி அப்போது ஜேர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த வேலை தன் நாட்டிலேயே நடந்தால் இளைஞர்கள் ஊரில் நிற்பார்களே என்று எண்ணி, அவர் கத்தித் தொழிலாளரை ஒரு சங்கமாகச் சேர்த்தார். 1891இல் முதல் தொகுதி கத்திகள் இராணுவத்துக்குப் போயின. ஆனால் சோலிங்கன் மலிவாகக் கொடுத்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். எல்செனர் கடனில் மூழ்கினார். 1897இல் அவர் பதிவுசெய்த, பாரம் குறைந்த, பல அலகுகள் கொண்ட கத்தி சாதாரண மக்களிடம் விலைபோனதால்தான் அவர் கரையேறினார். அதுவே பின்னர் விக்ரோறினொக்ஸ் என்ற கம்பனியாயிற்று.

2001 செப்டெம்பர் தாக்குதல்களின் பின் விமானங்களில் மடக்குக் கத்தி தடைசெய்யப்பட்டது. அவர்களின் கத்தி விற்பனை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. ஆயினும் ஒரு தொழிலாளரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மேலதிக நேர வேலையை நிறுத்தினார்கள். சிலரைச் சில காலம் பக்கத்துக் கம்பனிகளுக்கு வேலைக்குக் கொடுத்தார்கள். நல்ல காலத்தில் சேமித்துவைத்தது அன்று கைகொடுத்தது.

மறுபுறம், தொழில் மட்டும் கையிலிருந்தால் போதும் என்றும் நாம் எண்ணிவிடக்கூடாது. இந்தியாவின் ராஜஸ்தானில் காடியா லோகார் என்ற வண்டிக் கொல்லர்கள் இருக்கிறார்கள். 1568இல் சித்தூர்க் கோட்டை அக்பரிடம் வீழ்ந்தபோது அங்கிருந்து புறப்பட்ட மரபினர் தாம் என்றும், கோட்டை மீளும்வரை வீட்டில் குடியிருப்பதில்லை என்று முன்னோர் சபதம் செய்தார்கள் என்றும் சொல்கிறார்கள். மாட்டுவண்டியே வீடு, வண்டியே பட்டறை. ஆண் குறட்டைப் பிடிக்க, பெண் சம்மட்டி ஓங்கி அடிப்பதை அங்கே காணலாம். 1955இல் பிரதமர் நேரு அவர்களை அழைத்துக்கொண்டு சித்தூருக்குள் நுழைந்தார். ஆனால் குடியிருக்கக் காணி இல்லாமலும், ஆலைச் சாமான்களின் போட்டியாலும், அவர்களில் பலர் இன்றும் நகரங்களின் வீதியோரத்திலேயே வாழ்கிறார்கள். இடம்பெயர்ந்தவனுக்குத் தொழிலும் வேண்டும், கால் ஊன்ற இடமும் வேண்டும், வாங்குவோர் கூட்டமும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எமது இடத்தில் செய்யக்கூடியது

பெரிய பட்டறையைப் பற்றிக் கனவு காண வேண்டாம். முதற்படி தீட்டுதல். நல்ல சாணைக்கல் ஒன்று, அரம் இரண்டு, இடுக்கி ஒன்று இருந்தால் போதும். வாரத்தில் ஒருநாள் லயத்துக்கு லயம் போய்க் கத்தி தீட்டி, பிடி மாற்றி, பூண் இறுக்கிக் கொடுக்கலாம். கொய்யாக் கட்டையில் நல்ல பிடி வரும். இந்த வேலை செய்யும்போதே எந்தக் கத்தி நிலைக்கிறது, எது நிலைக்கவில்லை, எந்த வேலைக்கு எந்த வளைவு வேண்டும் என்பது புரிந்துவிடும். பெண்களும் இதை நன்றாகச் செய்யலாம். அடுப்படிக் கத்தியின் குறை நிறை அவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாம் படி உலை. கவ்வாத்துக் கத்தி, மரக்கறித் தோட்டத்துக்கான சிறு கொத்து, மன்னாக்கத்தி, புல்லுச் சுரண்டி ஆகிய நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையே நூறு முறை செய்து தேர்ச்சி பெறுவது நல்லது. இதற்கு வேலை தெரிந்த கொல்லர் ஒருவரிடம் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ மாதக்கணக்கில் கூட இருந்து கற்க வேண்டும். சிங்களக் கிராமங்களில் இன்னும் தொழில் செய்யும் கொல்லர்களிடம் கேட்டுப் போகத் தயங்க வேண்டாம். அவர்கள் தொழிலும் வாரிசு இல்லாமல் தவிக்கிறது.

பழைய வில் தகடு வாங்கும்போது வெடிப்பு உள்ளதை ஒதுக்க வேண்டும். எரிக்கச் சிரட்டைக் கரி நல்ல சூடு தரும். காட்டு மரத்தில் கை வைக்க வேண்டியதில்லை. நாகம் பூசிய கூரைத் தகட்டையும் குழாயையும் உலையில் இடவே கூடாது. அதன் புகை நஞ்சு. கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குச் சப்பாத்து இல்லாமல் எவரையும் பட்டடைக்கு அருகே விடக்கூடாது. லயத்தின் காம்பராவுக்குள் உலை வைக்காதீர்கள். தனிக் கொட்டில் வேண்டும். அது தோட்டக் காணியாக இருந்தால் எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கணக்கு. கரி, இரும்பு, கூலி, தேய்மானம் எல்லாவற்றையும் எழுதாமல் விலை சொன்னால், கத்தி விற்கும், குடும்பம் பட்டினி கிடக்கும். டவுன் கடைக் கத்தியைவிட விலை கூடத்தான் இருக்கும். அதை மறைக்க வேண்டாம். "மழுங்கினால் கொண்டுவாருங்கள், ஒரு வருடத்துக்குச் சும்மா தீட்டித் தருகிறோம்" என்று சொல்லுங்கள். தூரத்துக் கம்பனியால் அந்த வாக்கைக் கொடுக்க முடியாது. பக்கத்திலிருக்கும் கொல்லரால் முடியும். சிறு பட்டறையின் பலம் அதில்தான் இருக்கிறது. வாங்கியவரின் பெயரையும் வேலையையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். திருத்தவும் அது உதவும், பொலிசாருக்குக் காட்டவும் அது உதவும். குழந்தைகள் கையில் கத்தி விற்காதீர்கள்.

இவை ஒரே மாதத்தில் நடக்கும் காரியங்கள் அல்ல. ஆனால் தொடங்குவதற்குப் பணம் தேவையில்லை. உங்கள் அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் வீட்டில் மழுங்கிக் கிடக்கும் கத்தி, அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றையும் கொண்டுவரட்டும். ஒரு சாக்கின் மேல் பரப்பி எண்ணிப் பாருங்கள். எத்தனை தீட்டினால் போதும், எத்தனைக்குப் பிடி வேண்டும், எத்தனை இனி உதவாது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். உதவாதவற்றுக்கு ஒவ்வொரு குடும்பமும் எவ்வளவு கொடுத்தது என்றும் கேட்டு எழுதுங்கள். அந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்த பிறகு, உங்கள் லயத்துக்கு ஒரு சாணைக்கல் வாங்கலாமா, யாரை வேலை பழக அனுப்பலாம் என்று அதே கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள்.